பம்பாயில் நடந்த கடிகாரப் போர்

கூலி உயர்வு கேட்டுத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்ததை நீங்கள் படித்திருப்பீர்கள். தானிய விலை ஏறியதால் கலகம் மூண்டதையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆனால் 39 நிமிடங்களுக்காக ஒரு மாநகரம் கொதித்தெழுந்த கதை உங்களுக்குத் தெரியுமா? 1906ஆம் ஆண்டு ஜனவரியில், இன்று மும்பை எனப்படும் பம்பாயில் பல ஆயிரம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலைக்குச் செல்ல மறுத்து ஆலைகள் மீது கல் எறிந்தார்கள். நகரில் 15,000க்கு மேற்பட்டோர் எதிர்ப்பு விண்ணப்பங்களில் கையெழுத்திட்டார்கள். அவர்களது கோபமெல்லாம் அரசு புதிதாகக் கொண்டுவந்த ஒரு நேரத்தின் மீதுதான்!

ஊருக்கு ஒரு நண்பகல்

இந்தப் பூசலைப் புரிந்துகொள்ள முதலில் ஒரு சிறு கணக்குப் போடுவோம். பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 24 மணி நேரம் ஆகிறது. அதாவது 360 பாகையைக் கடக்க 1,440 நிமிடங்கள். ஆகவே ஒரு பாகைக்கு 4 நிமிடங்கள். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால், கிழக்கே உள்ள ஊரில் சூரியன் முன்னதாக உச்சிக்கு வருகிறது.

கல்கத்தா ஏறத்தாழ 88 பாகை 20 கலை கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது; பம்பாய் 72 பாகை 50 கலையில். (60 கலை கொண்டது ஒரு பாகை.) வித்தியாசம் பதினைந்தரைப் பாகை, அதை 4 நிமிடத்தால் பெருக்கினால் 62 நிமிடங்கள். கல்கத்தாவில் உச்சிப் பொழுதாகும்போது பம்பாயில் இன்னும் 11 மணிகூட ஆகியிருக்காது. மாட்டு வண்டியில் பயணம் செய்த காலத்தில் இதனால் யாருக்கும் தொல்லை இல்லை. ஒவ்வோர் ஊரும் தன் சூரியனைப் பார்த்துத் தன் நேரத்தை வைத்துக்கொண்டது.

சென்னை நேரம்

1853இல் பம்பாய்க்கும் தாணாவுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. பின்னர் இருப்புப்பாதைகள் நாடெங்கும் நீண்டன. ஊருக்கு ஒரு நேரம் இருந்தால் ரயில் கால அட்டவணை எப்படிப் போடுவது? ஒரே பாதையில் எதிரெதிரே வரும் இரு வண்டிகளின் கடிகாரங்கள் வேறுபட்டால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இந்தச் சிக்கலைத் தீர்க்கச் சென்னை கைகொடுத்தது. நுங்கம்பாக்கத்தில் 1792இல் கட்டப்பட்ட வானாராய்ச்சி நிலையத்தில் விண்மீன்களை நோக்கி நேரத்தைத் துல்லியமாகக் கணித்து வந்தார்கள். அக்காலத்துக் கருங்கல் தூண் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. சென்னையின் தீர்க்கரேகை பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ஏறக்குறைய நடுவில் அமைந்ததும் வசதியாயிற்று. தந்திக் கம்பி வழியே அனுப்பப்பட்ட சென்னை நேரம், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரயில்வேயின் நேரமாக விளங்கியது.

பம்பாய் நகரத்தார் ரயிலுக்குப் போகும்போது மட்டும் சென்னை நேரத்தைப் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் 1881இல் பம்பாய் ஆளுநர் ஜேம்ஸ் பெர்கூசன், நகரில் சென்னை நேரத்தைப் புகுத்த முற்பட்டார். இரண்டுக்கும் 30 நிமிட வேறுபாடு. எதிர்ப்பு வலுக்கவே அரசு பின்வாங்க நேர்ந்தது.

ஆலைச் சங்கும் ஆதவனும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்திய அரசு மீண்டும் முயன்றது. மிர்சாப்பூர் அருகே செல்லும் 82 பாகை 30 கலைத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்டு, கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி முந்திய ஒரு பொது நேரம் வகுக்கப்பட்டது. 1905 ஜூலையில் ரயில்வேயும் தந்தித் துறையும் அதை ஏற்றன. 1906 ஜனவரி முதல் நாள் அது பம்பாய்க்கும் வந்தது. சென்னைக்கு இதனால் 9 நிமிட மாற்றம்தான். பம்பாய்க்கோ 39 நிமிடம்!

ஆறு மணிக்கு ஆலைச் சங்கு ஊதுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜனவரித் தொடக்கத்தில் பம்பாயில் சூரியன் உதிப்பது பழைய நேரப்படி சுமார் 6 மணி 33 நிமிடத்துக்கு. புதிய நேரப்படியோ 7 மணி 12 நிமிடத்துக்கு. அதாவது முன்பு விடியலுக்கு அரை மணி முன்னால் ஆலை வாசலில் நின்ற தொழிலாளி, இனி 72 நிமிடம் முன்னால் நிற்க வேண்டும். அதற்கும் முன்னதாக எழுந்து, அடுப்பு மூட்டி, தண்ணீர் பிடித்து, இருட்டில் நடந்து வர வேண்டும். அந்த வேலைகளில் பெரும்பகுதி பெண்கள் தலையில்தான் விழும்.

‘காலையில் 39 நிமிடம் முன்னால் வந்தால் மாலையில் 39 நிமிடம் முன்னால் போகலாமே’ என்று நீங்கள் கேட்கலாம். கணக்கு சரிதான். ஆனால் அதைத் தொழிலாளி எதை நம்பி ஏற்றுக்கொள்வான்? அந்த ஆண்டுகளில்தான் ஆலைகளில் மின்விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. இருட்டியதும் தறியை நிறுத்தியாக வேண்டும் என்ற இயற்கையின் கட்டாயம் நீங்கியது. வயது வந்த ஆண்களின் வேலை நேரத்துக்குச் சட்ட வரம்பும் கிடையாது. பஞ்சாலைகளில் நாளுக்கு 12 மணி என்ற உச்ச வரம்பே 1911ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது. இப்படிப்பட்ட நிலையில் கடிகார முள்ளை முதலாளியும் அரசும் நகர்த்தினால், தன் உறக்கத்தைத் திருடுகிறார்கள் என்று தொழிலாளி ஐயுற்றதில் வியப்பு இல்லை.

பம்பாய் பல மக்கள் வாழும் நகரம். மராத்தியரும் குஜராத்திகளும், இந்துக்களும் முஸ்லிம்களும் பார்சிகளும், கோவாவிலிருந்து வந்த கிறித்தவர்களும் ஒரே தெருக்களில் நடமாடினார்கள். முஸ்லிம்களின் தொழுகையும் பார்சிகளின் வழிபாட்டு வேளைகளும் சூரியனைச் சார்ந்தவை. போதாக்குறைக்கு 1905இல் கர்சன் பிரபு வங்காளத்தைப் பிரித்திருந்தார். மக்கள் மனம் புண்பட்டிருந்தது. ‘எங்களைக் கேளாமல் நிலத்தைப் பிரித்தவர்கள் இப்போது நேரத்திலும் கை வைக்கிறார்களே’ என்ற எண்ணம் எழுவது இயல்புதானே?

ஒரே நகரம், இரண்டு நேரம்

அரசு அசையவில்லை, நகரமும் அசையவில்லை. ரயில் நிலையத்திலும் அரசு அலுவலகத்திலும் புதிய நேரம். மாநகராட்சிக் கடிகாரங்களிலோ பம்பாய் நேரம். ஒருவரைச் சந்திக்க நேரம் குறித்தால் ‘எந்த நேரப்படி?’ என்றும் கேட்க வேண்டியிருந்தது. இந்த இரட்டை வாழ்க்கை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. நாடு விடுதலை பெற்ற பின்னர், 1950களில்தான் பம்பாய் நேரம் மறைந்தது. கல்கத்தா தன் நேரத்தை 1948இல் விட்டது. அயலார் ஆணையாக வந்தபோது கசந்த அதே ஐந்தரை மணி, சொந்த நாட்டின் நேரமானபோது ஏற்புடையதாயிற்று.

கேள்வி முடியவில்லை

இன்று புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் சீசியம் அணுக் கடிகாரங்களைக் கொண்டு இந்திய நேரத்தைக் காக்கிறது. எனினும் பழைய வினா வேறு திசையிலிருந்து கேட்கிறது. வடகிழக்கு மாநிலங்களில் ஜூன் மாதத்தில் நாலரை மணிக்கே பளிச்சென்று விடிந்துவிடுகிறது. குளிர்காலத்தில் நாலரை மணிக்கே பொழுது சாய்கிறது. அசாம் தேயிலைத் தோட்டங்கள் நெடுங்காலமாக ஒரு மணி முந்திய ‘தோட்ட நேரத்தை’ப் பின்பற்றி வருகின்றன. 2018இல் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூட அறிவியலாளர்களே நாட்டுக்கு இரு நேரங்கள் வகுக்கலாம் என்று கட்டுரை வெளியிட்டார்கள். நடுவண் அரசு இதுவரை ஏற்கவில்லை. ரயில் போக்குவரத்தில் குழப்பம் நேரலாம் என்பதும் தள்ளிவிடக்கூடிய வாதம் அன்று. எந்தப் பக்கம் முடிவு செய்தாலும் ஒன்றை மறக்கலாகாது: ஓர் ஊரின் தீர்க்கரேகையைக் கணிப்பது இயற்பியல், எந்தத் தீர்க்கரேகையின்படி மக்கள் எழ வேண்டும் என்பது மக்களைக் கேட்டுச் செய்ய வேண்டிய முடிவு.

மாணவர்களே, உங்கள் ஊர் நேரத்தை நீங்களே காணலாம். சமதளத்தில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டு, நிழல் மிகக் குறுகும் கணத்தைக் கடிகாரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஆண்டுச் சராசரியில் அது சென்னையில் 12 மணி 9 நிமிடம், கோவையில் 12 மணி 22 நிமிடம், மும்பையில் 12 மணி 39 நிமிடம். பூமியின் பாதை நீள்வட்டமாகவும் அதன் அச்சு சாய்ந்தும் இருப்பதால், பருவத்துக்கேற்ப 16 நிமிடம் வரை கூடலாம், குறையலாம். மாதம் ஒருமுறை அளந்து ஓராண்டுக்கு ஒரு வரைபடம் போட்டுப் பாருங்கள்.