வில்லங்கம் இல்லாத வீடு

பெர்லினில், ஷோனபெர்க் பகுதியின் பவேரியக் குடியிருப்பு என்று பெயர்பெற்ற தெருக்களில், பழைய கட்டிடத்து ஃபிளாட் ஒன்று விற்பனைக்கு வந்தால் விளம்பரத்தின் வாசகத்தை ஊகித்துவிடலாம்: உயர்ந்த கூரை, மரத்தளம், விசாலமான அறைகள், அமைதியான சுற்றுப்புறம். கட்டிய வருஷமும் இருக்கும். வீட்டின் வயது இங்கே ஒரு அலங்காரம். அந்த வயதுக்குள் என்ன நடந்தது என்பது விளம்பரத்தின் விஷயமல்ல.

இந்தப் பகுதி தானாக வளர்ந்ததல்ல. ஸாலமன் ஹாபர்லாண்டும் அவர் மகன் கெயோர்க்கும் நடத்திய நில நிறுவனம், 1900க்கும் முதல் உலகப்போருக்கும் இடையில், வசதியுள்ள மத்தியதர வர்க்கத்துக்காகத் திட்டமிட்டு உருவாக்கியது. டாக்டர்களும் வக்கீல்களும் வியாபாரிகளும் குடிவந்தார்கள். அவர்களில் யூதர்கள் கணிசம். ஐன்ஸ்டீன் 1917 முதல் 1932 வரை ஹாபர்லாண்ட் தெரு 5ஆம் எண்ணில் குடியிருந்தார்.

அக்காலத்துப் பெரிய ஃபிளாட்டின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். தெருவைப் பார்த்தபடி வரவேற்பறைகள். முற்றத்தைச் சுற்றிய பின்பகுதியில் படுக்கையறைகள், சமையலறை, வேலைக்காரிக்கு ஒரு சின்ன அறை, பல வீடுகளில் அவள் ஏறிவரத் தனி மாடிப்படி. இரண்டு பகுதிகளையும் இணைப்பது மூலையில் ஒரே ஜன்னல் உள்ள, வெளிச்சம் குறைந்த பெரிய அறை. இதற்கு பெர்லின் அறை என்றே பெயர். விசாலம் என்பது யார் யார் கண்ணில் படக்கூடாது என்பதற்கான ஏற்பாடாகவும் இருந்தது.

ஆனால் இந்த ஃபிளாட்டுகளை அன்று யாரும் தனியாக விற்கவில்லை. விற்கவும் முடியாது. 1900 ஜனவரி 1ல் அமலுக்கு வந்த ஜெர்மன் சிவில் சட்டத்தில், கட்டிடத்தின் ஒரு தளத்தைத் தனிச்சொத்தாகப் புதிதாக ஏற்படுத்த இடமில்லை. கட்டிடம் முழுவதும் ஒரு உரிமையாளருடையது. உள்ளே இருந்தவர்கள் எவ்வளவு வசதியானவர்களாயினும் வாடகைக்காரர்கள். ஃபிளாட்டை விற்பனைப் பொருளாக்கியது 1951ல் வந்த தனிச்சட்டம். இந்த இரண்டு தேதிகளுக்கும் இடையில்தான் அந்த அறைகள் காலி செய்யப்பட்டன.

1933ல் ஷோனபெர்க் மாவட்டத்தில் சுமார் 16,000 யூதர்கள் இருந்தனர். 1938ல் ஹாபர்லாண்டின் பெயரே தெருவிலிருந்து எடுக்கப்பட்டது. 1939 ஏப்ரல் 30ந் தேதிச் சட்டம் யூத வாடகைக்காரர்களுக்கு இருந்த பாதுகாப்பை நீக்கியது. தலைநகரை மாற்றிக் கட்டும் பொறுப்பிலிருந்த ஆல்பர்ட் ஷ்பேயரின் அலுவலகம், இடிக்கப்படவிருந்த வீடுகளின் குடித்தனக்காரர்களுக்கு மாற்றிடமாக யூதர்களின் வீடுகளைக் கணக்கெடுத்தது. வெளியேற்றப்பட்டவர்கள் மற்ற யூதக் குடும்பங்களோடு ஒரே வீட்டில் நெருக்கப்பட்டார்கள். 1941 அக்டோபர் 18ல் முதல் ரயில் பெர்லினிலிருந்து வூட்ஜ் நகருக்குப் புறப்பட்டது. நாடுகடத்தப்படுபவர் 16 பக்கப் படிவத்தில் தன் சாமான்களை, உடுதுணி வரை, தானே எழுதிக் கொடுக்கவேண்டும். விசாலமான வீட்டின் கடைசி வர்ணனை அந்தப் படிவத்தில்தான் இருக்கிறது.

நிலப்பதிவேட்டில் இருப்பது உரிமையாளர் பெயர். வாடகைக்காரன் எத்தனை வருஷம் வாழ்ந்திருந்தாலும் அவனுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. ஆகவே இன்று வாங்குகிறவர் பத்திரத்தைத் துருவிப் பார்த்தாலும் இந்த விதத்தில் வில்லங்கம் எதுவும் அகப்படாது. பத்திரம் பொய் சொல்லவில்லை. கேட்கப்பட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறது.

பத்திரம் விட்டதை வேறு சிலர் எழுத முயன்றிருக்கிறார்கள். ரெனாடா ஷ்டீ, ஃப்ரீடர் ஷ்னொக் என்ற கலைஞர்கள் 1993ல் இந்தத் தெருக்களின் விளக்குக் கம்பங்களில் 80 பலகைகளை மாட்டினார்கள்: ஒரு பக்கம் ரொட்டி, பூனை, பெஞ்சு போன்ற சாதாரணப் படம், மறுபக்கம் அதைப் பற்றி யூதர்களுக்கு எதிராக வந்த சட்டம், தேதியோடு. நடைபாதையில் குன்டர் டெம்னிக் பதித்த 10 சென்டிமீட்டர் பித்தளைக் கற்கள் சில வாசல்களின் முன் இருக்கின்றன. ஷோனபெர்க் நகர மண்டபத்தில், நாடுகடத்தப்பட்ட ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் பெயர்கள் கையால் எழுதிய அட்டைகளில் வைக்கப்பட்டுள்ளன. ஹாபர்லாண்டின் பெயர் 1996ல் தெருவின் ஒரு பகுதிக்கு மட்டும் திரும்பி வந்தது.

இதனால் அங்கே ஃபிளாட் வாங்குகிறவர் குற்றவாளி என்று சொல்ல வரவில்லை. வீட்டில் யாராவது குடியிருக்கத்தான் வேண்டும். பெர்லின் அறையின் மூலை ஜன்னலருகே மேஜையைப் போடும்போது, இதே வெளிச்சத்தில் ஒருவர் அந்த 16 பக்கங்களை நிரப்பியிருக்கக்கூடும் என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும் என்பதுதான் நம் கோரிக்கை.