இன்ஜின் உள்ளேயா, வெளியேயா? தமிழகக் கடற்கரையின் ஒரு பழைய கணக்கு

திருச்சிக்குக் கடல் கிடையாது. இருப்பது காவிரியும் கொள்ளிடமும்தான். அதில் ஓடிய பரிசலுக்கு ஒரு துடுப்பு போதும், இன்ஜின் வேண்டாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் கே.கே. நகர் வீடுகளில் கொதிக்கும் மீன் குழம்புக்கான மீன் எல்லாம் காவிரியில் பிடித்ததா என்ன? ராமேஸ்வரத்திலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் ஐஸ் பெட்டியில் லாரி ஏறி, உறையூர்ப் பக்கம் காசிவிளங்கி மீன் மார்க்கெட்டில் இறங்கி வருகிறது. அந்த மீனின் விலையில் ஒரு படகின் இன்ஜின் செலவும் ஒளிந்திருக்கிறது. அந்த இன்ஜின் படகுக்கு உள்ளே இருந்ததா, வெளியே தொங்கியதா என்பதும் அதில் அடக்கம்!

கேட்பதற்கு மெக்கானிக் சமாச்சாரம் மாதிரி இருக்கும். ஆனால் எழுபது ஆண்டுகளாகத் தமிழகக் கடற்கரையில் யார் முதலாளி, யார் கூலி என்பதைப் பெருமளவு தீர்மானித்தது இந்தக் கேள்விதான்.

முதலில் வெளியே தொங்கும் இன்ஜின். அவுட்போர்டு என்று சொல்வார்கள். இதை அமெரிக்காவில் ஒரு பெரிய வியாபாரமாக ஆக்கியவர் ஓலே எவின்ரூட், நார்வேயில் பிறந்தவர். ஏரியின் நடுவே வெயிலில் படகு வலித்துக்கொண்டு போய் ஐஸ்கிரீம் வாங்கி வந்தபோது இந்த யோசனை வந்ததாக ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, 1909-ல் அவர் விற்கத் தொடங்கிய மோட்டாரின் சக்தி ஒன்றரைக் குதிரைத்திறன், எடை 62 பவுண்டு, விலை 62 டாலர். அவருக்கு முன்பே கேமரூன் வாட்டர்மேன் என்பவர் இதே மாதிரி மோட்டாரைச் செய்து விற்றிருந்தார். பெயர் மட்டும் எவின்ரூடுக்குப் போய்விட்டது.

உள்ளே இருக்கும் இன்ஜின் இதைவிடப் பழையது. படகின் வயிற்றில் இன்ஜின், அடிப்பலகையைத் துளைத்துக்கொண்டு வெளியே போகும் தண்டு, அதன் நுனியில் புரொப்பெல்லர். இவை இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசமாக வந்ததுதான் ஸ்டெர்ன்டிரைவ். இன்ஜின் படகுக்கு உள்ளே, பின்பக்கத்தில் இருக்கும். புரொப்பெல்லர் மட்டும் அவுட்போர்டு போல வெளியே ஒரு காலில் தொங்கும், வேண்டும்போது தூக்கிக்கொள்ளலாம். 1959-ல் வால்வோ பென்டா நிறுவனம் இதை நியூயார்க் படகுக் கண்காட்சியில் காட்டியது. பணக்கார நாடுகளில் விடுமுறைக்குப் படகு வாங்குகிறவர்கள் அன்றிலிருந்து இரண்டில் எது நல்லது என்று வாதாடிக்கொண்டே இருக்கிறார்கள். இங்கே அந்த வாதம் வயிற்றுப்பாட்டோடு சேர்ந்து வந்தது.

காரணம் நம் கரையின் அமைப்பு. சென்னையிலிருந்து தெற்கே கோடியக்கரை வரையுள்ள சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகம் என்று சொல்ல அதிகம் இல்லை. திறந்த மணல்கரை, அதில் ஓயாமல் உடைந்து விழும் அலை. அந்த அலையை வென்றதுதான் கட்டுமரம். கவிழ்ந்தாலும் மூழ்காது. கரை சேர்ந்ததும் அவிழ்த்துக் காயப் போடலாம். ஆனால் அடியில் தண்டும் புரொப்பெல்லரும் நீட்டிக்கொண்டிருக்கும் படகை மணலில் எப்படி இழுப்பது? முதல் நாளே வளைந்துவிடும். பாக் நீரிணைப் பக்கம் கடல் அமைதியானது, படகை நங்கூரம் போட்டு நிறுத்தலாம். மற்ற இடங்களில் உள்ளே இன்ஜின் வைத்த படகு வேண்டுமென்றால் துறைமுகம் வேண்டும். துறைமுகம் எல்லா ஊருக்கும் வராது.

1952 அக்டோபரில் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் சபை மூன்றும் ஓர் ஒப்பந்தம் போட்டன. 1953-ல் கேரளத்தின் கொல்லம் அருகே நீண்டகரையில் இந்தோ நார்வீஜியன் திட்டம் தொடங்கியது. உள்ளூர் வள்ளங்களில் இன்ஜினைப் பொருத்திப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. பிறகு உள்ளே டீசல் இன்ஜின் வைத்த புதிய படகுகளையே கட்டினார்கள். ஏழை மீனவரின் சாப்பாட்டுத் தட்டை நிறைக்க வந்த திட்டம், இறாலுக்கு அமெரிக்கச் சந்தை திறந்ததும் வேறு பக்கம் திரும்பியது. இழுவலை போட்டு இறால் வாரும் படகுகள் பெருகின. சென்னை மாகாணத்திலும் ஐந்தாண்டுத் திட்டங்களின் மானியத்தோடு விசைப்படகுகள் வந்தன.

வணிகவியல் பாஷையில் சொன்னால், விசைப்படகு என்பது நிலையான செலவு மிக அதிகமான தொழில். கடனுக்கு வட்டி, தேய்மானம், டீசல்... படகு சும்மா நின்றாலும் செலவு ஓடும். அதனால் நிறையப் பிடித்தே ஆக வேண்டும். இறால் கரைக்கு அருகில்தான் அதிகம், கட்டுமரக்காரர் வலை விரிக்கும் இடமும் அதுதான். விசைப்படகு ஒருமுறை குறுக்கே போனால் விரித்த வலை கிழிந்து போகும். ஒரு குடும்பத்தின் மொத்த மூலதனமே அந்த வலைதான்! 1970களின் பிற்பகுதியில் சென்னைக் கரையில் இரு தரப்பும் மோதிக்கொண்டன, உயிர்கள் போயின. 1978-ல் கட்டுமர, நாட்டுப்படகு மீனவர்களுக்கான தேசிய அமைப்பு ஒன்று சென்னையில் உருவானது. 1983-ல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அன்று அதன்படி கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது என்று இருந்தது. சட்டம் ஏட்டில் தெளிவாகத்தான் இருக்கிறது. கடலில் கோடு போட முடியாதே!

சட்டம் வந்த அதே காலத்தில் சின்ன மீனவரும் சும்மா இருக்கவில்லை. அவர் கையில் எடுத்தது அவுட்போர்டு. கேரளத்தில் 1980-ஐ ஒட்டி அலையாகப் பரவிய இந்தப் பழக்கம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் வந்தது. முட்டம் பக்கம் கடல் பிளைவுட்டில் வள்ளம் கட்டும் முயற்சி நடந்தது. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு இதற்குத் துணை நின்றது. அந்த முயற்சியில் இருந்த பியர் ஜில்லே அனுபவங்களை 1985-ல் ஒரு சிறு நூலாக எழுதினார். 'சிறியதே அழகு' என்று உலகம் பேசிக்கொண்டிருந்த காலத்தில் அவர் வைத்த தலைப்பு 'ஸ்மால் இஸ் டிஃபிகல்ட்'. சிறியது கடினம் என்று பொருள். அந்தத் தலைப்பிலேயே பாதி வரலாறு இருக்கிறது.

அவுட்போர்டின் வசதி பெரியது. முப்பது கிலோவுக்கு அக்கம்பக்கம் எடை. கரை சேரும்போது தூக்கிவிட்டால் புரொப்பெல்லர் மணலில் படாது. வேலை முடிந்ததும் கழற்றித் தோளில் போட்டு வீட்டுக்கே கொண்டுபோகலாம், திருடு போகாது. துறைமுகம் வேண்டாம். ஆனால் எரிபொருள்! டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு, அதே வேலைக்கு டீசல் இன்ஜினைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு குடிக்கும். பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மானிய மண்ணெண்ணெய் கிடைத்த நாளில் லாபம், கிடைக்காத நாளில் வெளிச்சந்தை. உதிரிபாகம் ஜப்பானிலிருந்து வர வேண்டும். ஆக, வாங்கும் விலையில் மலிவு, ஓட்டும் செலவில் கொள்ளை. விசைப்படகுக் கணக்கை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்தது போல.

இதற்கு ஒரு நடுவழி தேடியவர்கள் இருந்தார்கள். 1979-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு வங்காள விரிகுடாத் திட்டம் தொடங்கியது. உணவு வேளாண்மை அமைப்பு நடத்தியது, ஸ்வீடன் பணம் தந்தது. அதன் படகு வடிவமைப்பாளர் ஓய்விண்ட் குல்பிராண்ட்சன் குழுவினர், மணல்கரையில் இறங்கும் படகுகளை உருவாக்கினார்கள். சிறிய டீசல் இன்ஜின் படகுக்குள்ளே இருக்கும். இன்ஜின், தண்டு, புரொப்பெல்லர் மூன்றும் ஒரே துண்டாகச் சாய்ந்து மேலே வரும். உள்ளே இருக்கும் டீசலின் சிக்கனமும் வெளியே தொங்கும் இன்ஜினின் தூக்கும் வசதியும் ஒன்றாக. ஸ்டெர்ன்டிரைவின் அதே எண்ணம்தான், ஆனால் உல்லாசப் படகுக்காக அல்ல, அலைக்கரை மீனவருக்காக யோசித்தது. ஆந்திரக் கரையில் இந்தப் படகுகள் ஓரளவு பரவின. தமிழகத்தில் வென்றது வேறொன்று.

அது தாய்லாந்து பாணி நீள்வால் இன்ஜின். படகின் பின்புறத்தில் ஒரு சுழலும் தாங்கியில் டீசல் இன்ஜின். அதிலிருந்து நீளமாகப் பின்னால் போகும் தண்டு, நுனியில் புரொப்பெல்லர். கியரும் இல்லை, தண்ணீருக்குள் முழங்காலும் இல்லை. கைப்பிடியை அமுக்கினால் வால் மேலே வந்துவிடும். கிரீவ்ஸ் லம்பார்டினி பெயரில் வந்த, பத்துக் குதிரைத்திறனை ஒட்டிய ஒற்றை சிலிண்டர் இன்ஜின்கள் இதற்கு வாகாக அமைந்தன. அதே நிறுவனத்தின் சிறு டீசல் இன்ஜின்கள் மூன்று சக்கர சரக்கு ஆட்டோக்களிலும் ஓடின. ஆகவே மெக்கானிக்குக்கு ஜப்பான் போக வேண்டியதில்லை, பக்கத்து டவுன் போதும். நிபுணர்களின் அழகான வடிவமைப்பைவிட ரிப்பேருக்கு ஆள் கிடைப்பது பெரிய விஷயம் என்பதை மீனவர்கள் பட்டென்று கண்டுபிடித்துவிட்டார்கள். இந்த இன்ஜினோடு ஃபைபர் படகும் சேர்ந்தது. சில ஊர்களில் அதற்கு 'மாருதி' என்றே பெயர்!

2004 டிசம்பர் 26 சுனாமி எல்லாவற்றையும் அடித்துப் போனது. அதன்பின் உதவிப் பணம் வெள்ளமாக வந்தது. எளிதாகக் கொடுக்கக்கூடிய, புகைப்படத்தில் நன்றாகத் தெரியக்கூடிய உதவி படகுதான். கட்டுமரம் இழந்தவருக்கும் இன்ஜினோடு ஃபைபர் படகு கிடைத்தது. சில இடங்களில் முன்பிருந்ததைவிட அதிகப் படகுகள் சேர்ந்தன, அவசரத்தில் கட்டியவற்றில் தரக்குறைவும் இருந்தது. கட்டுமரத்துக்குச் செலவு என்று பெரிதாக எதுவும் கிடையாது. காற்றும் கையும்தான். இன்ஜின் படகு கடலுக்குப் போனாலே டீசல் செலவு. மீன் படாவிட்டால் அந்த நாள் நஷ்டம். சொத்தைக் கொடுத்தவர்கள் நடைமுறை மூலதனத்தைக் கொடுக்க மறந்துவிட்டார்கள் என்று ஒரு பி.காம். மாணவர்கூடச் சொல்லிவிடுவார்.

பங்கு பிரிப்பிலும் இது தெரிந்தது. பிடித்த மீனை விற்று, எரிபொருள் செலவைக் கழித்து, மிச்சத்தைப் பங்கு போடுவது கடலோர வழக்கம். கட்டுமரக் காலத்தில் ஆளுக்கும் மரத்துக்கும் வலைக்கும் பங்கு. பல ஊர்களில் இப்போது இன்ஜினுக்கும் தனியாகப் பங்கு உண்டு. சாப்பிடாத, தூங்காத ஒரு ஆள் படகில் கூடுதலாக ஏறிவிட்டான்!

2001-ல் 45 நாளாகத் தொடங்கிய மீன்பிடித் தடைக்காலம் 2017 முதல் 61 நாள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் துறைமுகத்தில் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். பெயின்ட் அடிப்பார்கள், இன்ஜினைப் பிரித்து மாட்டுவார்கள். நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை. ஆகவே அந்த இரண்டு மாதமும் விடிவதற்கு முன் மணலில் தள்ளி இறக்கப்படுபவை நீள்வால் மாட்டிய ஃபைபர் படகுகளும் அவுட்போர்டு மாட்டிய வள்ளங்களும்தான். மார்க்கெட்டில் வரத்து குறைந்து விலை ஏறும். "என்னங்க, போன வாரம் இந்த விலை இல்லையே?" என்று கேட்டால், "தடைக்காலம்ங்க, எல்லாம் நாட்டுப்படகு மீனு" என்று பதில் வரும்.