தொடக் கூடாத தட்டு

எங்கள் பாட்டனார் வீட்டுக் கிராமபோனுக்குச் சாவி கொடுக்கும் பொறுப்பு சிறு வயதில் என்னுடையது. சாவி தளர்ந்தால் பாடகியின் குரல் மெல்ல மெல்லக் கனத்து, ஆண் குரலாகி, கடைசியில் உறுமி அடங்கும். குழந்தைகள் நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். "தட்டை ஒருத்தரும் தொடக் கூடாது!" என்று பாட்டனார் அதட்டுவார்.

தட்டு ஒரே சீராகச் சுழல வேண்டும். சுழலும்போது அதை யாரும் தொடக் கூடாது. இசைத்தட்டு உலகத்தின் சட்டங்கள் இவை இரண்டுதாம். முதல் சட்டத்தைக் காப்பதற்கென்றே செய்த ஒரு கருவி இரண்டாவது சட்டத்தை உடைத்த கதையைத்தான் சொல்ல வந்தேன்.

சாவி போய் மின்சார மோட்டார் வந்தது. 1948-ல் எல்.பி. தட்டு வந்தது. அது நிமிஷத்துக்கு 33⅓ சுற்றுதான் சுற்றவேண்டும். மோட்டாரோ பல நூறு சுற்று ஓடுவது. ஆகவே மோட்டாருக்கும், தட்டைத் தாங்கும் சுழல்மேடைக்கும் நடுவே ரப்பர் பட்டையையோ ரப்பர் சக்கரத்தையோ தரகனாக வைத்தார்கள். தரகன் புகுந்த இடத்தில் தொல்லை இல்லாமல் இருக்குமா? பட்டை நாளடைவில் தளர்ந்து வேகம் தடுமாறும். சக்கரம் மோட்டாரின் அதிர்வையும் சேர்த்து மேலே அனுப்பிச் சங்கீதத்தோடு உறுமலையும் கேட்க வைக்கும்.

ஜப்பானில், மாட்சுஷிடா நிறுவனத்துப் பொறியியலாளர் ஷுயிச்சி ஒபாட்டா தரகனையே ஒழித்துவிட்டார். மோட்டாரின் அச்சின் மேலேயே சுழல்மேடையை உட்கார வைத்தார். சொல்வது சுலபம். அவ்வளவு மெதுவாக, துளியும் திக்காமல் ஒரு மோட்டாரைச் சுற்றவைப்பது, மேட்டுப்பள்ளத்தில் வண்டியைக் குலுங்காமல் ஓட்டுவது போன்ற காரியம். கணந்தோறும் வேகத்தைக் கண்காணித்துத் திருத்தும் மின்னணுச் சாதனம் அதற்கு வேண்டியிருந்தது. 1970-ல் 'டெக்னிக்ஸ் எஸ்.பி.10' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. 1972-ல் வீட்டில் இருந்து ரசிப்போருக்காக 'எஸ்.எல்.1200' பிறந்தது.

இனி நியூயார்க்குக்குப் போவோம். பிராங்ஸ் என்ற பகுதி அப்போது வறுமையிலும் தீ விபத்துகளிலும் சீரழிந்துகொண்டிருந்தது. 1973 ஆகஸ்டு 11-ந் தேதி, கூல் ஹெர்க் என்று பேர் பெற்ற கிளைவ் கேம்பெல், தங்கை சிண்டி நடத்திய விருந்தில் தட்டுப் போட்டான். ஜமைக்காவில் பிறந்த அவனுக்கு அப்போது வயது 18. பாட்டு ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் சில விநாடிகளில்தான் ஆடுகிறவர்களுக்கு உற்சாகம் பொங்குகிறது என்பதை அவன் கவனித்திருந்தான். ஒரே பாட்டின் இரு தட்டுகளை இரண்டு கருவிகளில் மாறி மாறி ஓட்டி, அந்த விநாடிகளை நிமிஷங்களாக நீட்டினான். அடுத்து வந்த கிராண்ட்மாஸ்டர் பிளாஷ் முதலியோர் ஓடும் தட்டையே விரலால் பிடித்து நிறுத்தினார்கள், பின்னுக்குத் திருப்பினார்கள். ரப்பர் பட்டை இதைத் தாங்குமா? நேரடி மோட்டாரோ கையை எடுத்த மறுகணமே பழைய வேகத்தைப் பிடித்துக்கொண்டது. ஹிப் ஹாப் என்ற சங்கீதம் அந்தக் கைகளில் வளர்ந்தது.

கருவியைச் செய்தவர்கள் எங்கள் பாட்டனாரைப் போல அதட்டவில்லை. 1979-ல் வந்த இரண்டாவது மாதிரியில் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் நீண்ட தள்ளுவிசை வைத்தார்கள். ஒலிபெருக்கியின் அதிர்வு ஏறாதபடி அடிப்பாகத்தைக் கனமாக்கினார்கள். 2010-ல் உற்பத்தியை நிறுத்தியவர்கள் 2016-ல் மறுபடியும் தொடங்க வேண்டியதாயிற்று.

அந்த இரண்டாவது மாதிரியில் ஒன்றைப் பழசாக வாங்கி வைத்திருக்கிறேன். சுழல்மேடையின் விளிம்பில் புள்ளி வரிசைகள் உண்டு. வேகம் சரியாக இருந்தால், பக்கத்துச் சிவப்பு விளக்கின் ஒளியில், சுழலும் புள்ளிகள் அசையாமல் நிற்பது போலத் தோன்றும். சில இரவுகளில் பாட்டை மறந்து அவற்றையே பார்த்துக்கொண்டிருப்பேன். அப்போது என் மகன் வந்து தட்டில் விரலை வைப்பான். பாட்டனாரின் சட்டம் என் வாய்வரை வரும், விழுங்கிவிடுவேன். பாட்டு உறுமும், புள்ளிகள் ஓடும், அவன் சிரிப்பான். கையை எடுத்ததும் புள்ளிகள் மறுபடி நின்றுவிடும்.