சோழர் பெண் கொடுத்த கோதாவரி நகரம்

சென்னையிலிருந்து ஹௌரா செல்லும் புகைவண்டி கோதாவரிப் பாலத்தில் ஏறியதும் நம்மவர் ஆற்றில் காசெறிந்து கைகூப்புவர். அக்கரையிலுள்ள இராசமகேந்திரவரத்தில் இறங்குவோர் சிலரே. அவர்களும் கோடிலிங்கத் துறையில் நீராடியதும் திரும்பிவிடுகின்றனர். அது நமக்குச் சம்பந்தி வீடு என்பதை யார் நினைக்கிறார்கள்?

முதலாம் இராசராசன் மகள் குந்தவை, கீழைச் சாளுக்கிய மன்னன் விமலாதித்தனை மணந்தாள். (வந்தியத்தேவனை மணந்த குந்தவை இவளுக்கு அத்தை.) இவள் மகனே இந்நகரிலிருந்து ஆண்ட இராசராச நரேந்திரன், பாட்டன் பெயரைத் தாங்கியவன், தாய்மாமன் இராசேந்திர சோழன் மகள் அம்மங்கையை மணந்தவன். சோழர் குலத் தாய்க்குப் பிறந்து, சோழர் குலப் பெண்ணை மணந்த இம்மன்னன் வேண்டியதோ தெலுங்கில் ஒரு பாரதம்! அவன் விருப்பப்படி நன்னயர் தொடங்கிய அந்நூலே தெலுங்கின் ஆதிகாவியம் எனப் போற்றப்படுகிறது. மூன்றாம் பருவத்தின் இடையிலேயே அவர் கை நின்றுபோயிற்று. பின்வந்த புலவர் இருவர் நிறைவு செய்தனர். நரேந்திரன் மகனோ 1070-இல் சோழ அரியணை ஏறினான். கலிங்கத்துப் பரணியின் பாட்டுடைத் தலைவனாம் முதலாம் குலோத்துங்கன் அவனே.

பெண்ணோடு உறவு முடியவில்லை. நகருக்குத் தெற்கே தவளேசுவரத்தில் 1847-இல் அணை கட்டத் தொடங்கி 1852-இல் முடித்த ஆர்தர் காட்டன், முன்னரே கொள்ளிடத்தில் அணை கட்டியவர். ஆழங்காணா மணலில் அடித்தளமிடும் வித்தையைக் கல்லணை கட்டியவர்களிடமிருந்தே கற்றதாக அவரே ஒப்புக்கொண்டார். அவரது அணையின் இடத்தில் இன்று புதிய அணை நிற்கிறது. அருகே அவர் பெயரால் ஒரு காட்சிசாலையும் உண்டு. அதை அரைமணியில் பார்த்துவிட்டு வண்டிக்கு ஓடினேன். ஒருநாளேனும் தங்கியிருக்கலாம்.