தன் காலில் நிற்பது என்றால்

ஆள்வினையுடைமை அதிகாரத்தை நடத்திக்கொண்டிருந்தேன். படிவம் நான்கு மாணவன் ஒருவன் கேட்டான்: "டீச்சர், நம்ம தாத்தா பாட்டியெல்லாம் துரை சொன்னதைக் கேட்டுத்தானே வாழ்ந்தாங்க? அவங்க எங்க சொந்தக் கால்ல நின்னாங்க?" புக்கிட் பெலிம்பிங் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர்களே, இந்தக் கேள்வி உங்களுக்கும் ஒருநாள் வரும். நான் சொன்ன பதிலை இங்கே எழுதுகிறேன்.

1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி விற்றார்கள். துண்டு நிலத்துக்குப் பழைய ஆள்பலம் தேவையில்லை. வேலை போனால் லயத்து வீடும் போகும். பலருக்குக் குடியுரிமையும் இல்லை. துண்டாடல் என்ற சொல்லைக் கேட்டாலே பெரியவர்கள் இன்றும் முகம் மாறுவது அதனால்தான்.

அந்த நேரத்தில்தான், 1960இல், துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். ஒரு பங்கு நூறு வெள்ளி. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். பத்து வெள்ளி இன்று ஒருவேளைச் சாப்பாட்டுக் காசு. பால்மரம் வெட்டியவர்களுக்கு அன்று அது பல நாள் கூலி! அந்தக் காசு சேர்ந்துதான் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. பிறகு வேறு தோட்டங்களும் வந்தன. எல்லாத் தோட்டங்களையும் காப்பாற்ற முடியவில்லை என்பதையும் மாணவர்களிடம் மறைக்க வேண்டாம். பங்குதாரர் ஆன பின்னும் விடியற்காலையில் மரம் வெட்டத்தான் போனார்கள்.

இது தற்சார்பா, இல்லை, ஒரு தலைவர் செய்த உதவியா? அரிஸ்டாட்டில் தம் அறவியல் நூலில் தன்னிறைவைப் பற்றிப் பேசும்போது, தனியாக வாழும் ஒருவனை அவர் மனத்தில் வைக்கவில்லை. பெற்றோர், பிள்ளை, நண்பர், ஊரார் எல்லோரோடும் வாழ்பவனையே வைத்தார். வள்ளுவர் ஆள்வினையுடைமையைப் பொருட்பாலிலும் ஒப்புரவறிதலை அறத்துப்பாலிலும் வைத்திருக்கிறார். நாமும் தேர்வுக்காக அவற்றைத் தனித்தனியாகவே நடத்திவிடுகிறோம். அந்தப் பத்து வெள்ளியில் இரண்டுமே இருந்தன. சம்பந்தன் வழி காட்டினார், சரி. ஆனால் சம்பளத்தில் மிச்சம் பிடித்தது தொழிலாளியின் வீட்டில்தானே? பெரும்பாலும் பாட்டிமார்கள்தான் பிடித்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

வகுப்பில் இதை நடத்தினால் ஒரு வீட்டுவேலை கொடுங்கள். பாட்டியின் பழைய டிரங்குப் பெட்டியில் பங்குப் பத்திரம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டு வரச் சொல்லுங்கள். என்னிடம் கேள்வி கேட்ட மாணவன் மறுவாரம் ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்தான். ஓரமெல்லாம் கரையான் அரித்திருந்தது. பெயர் இருந்த இடம் மட்டும் தெளிவாக இருந்தது.