கருமைக்கு இரண்டு கணக்கு

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் நோக்கிச் செல்லும், முன்பு 7 என்றும் இப்போது 44 என்றும் எண்ணிடப்பட்ட தேசிய நெடுஞ்சாலையில் அமைந்த குருபரப்பள்ளி, மாந்தோப்புகளுக்கும் கிரானைட் குவாரிகளுக்கும் பேர்போன வட்டாரத்தில் சிப்காட் தொழிற்பூங்காவைப் பெற்ற ஊராகும். இவ்வழியே கர்நாடக எல்லையை நோக்கி ஓடும் லாரிகளின் புகையைச் சட்டம் ஒரு விதமாகவும் அறிவியல் வேறு விதமாகவும் கணக்கிடுகின்றன. இரண்டும் அளப்பது கருமையையே. ஆயினும் ஒரே பாட்டன் வழிவந்து பாகம் பிரிந்த பங்காளிகளைப் போல அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை.

அந்தப் பாட்டன் மனிதக் கண். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிசில் பேராசிரியராக இருந்த மாக்சிமிலியன் ரிங்கெல்மன், வெள்ளை அட்டையில் கறுப்புக் கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக வரைந்து, அவை பரப்பில் 20, 40, 60, 80 விழுக்காட்டை மறைக்கும்படி நான்கு கட்டங்களை அமைத்தார். சற்றுத் தொலைவிலிருந்து நோக்கினால் கோடுகள் கலந்து சாம்பல் நிறமாகத் தோன்றும். அந்நிறத்தோடு புகைபோக்கியின் புகையை ஒப்பிட்டு அதற்கு எண் கொடுப்பதே முறை. இந்தியாவில் கல்கத்தாவுக்கும் ஹவுராவுக்கும் 1863-இலும், வங்காள மாகாணத்துக்கு 1905-இலும், பம்பாய்க்கு 1912-இலும் புகைத்தொல்லைச் சட்டங்கள் வந்தன. ஆலைப் புகைபோக்கி உயர்ந்து நின்றதால் அது சட்டத்தின் கண்ணில் பட்டது. கூரை இடுக்கில் கசிந்த அடுப்புப் புகைக்கு அந்தக் கவனிப்பு கிட்டவில்லை. கண்ணளவையில் வேறொரு குறையும் இருந்தது: வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது, வானம் வெளுத்திருக்கிறதா என்பதைப் பொறுத்து ஒரே புகை வெவ்வேறு எண் பெற்றது.

அசோக் லேலண்ட் நிறுவனம் ஓசூரில் தொழிற்சாலை தொடங்கிய 1980-ஐ ஒட்டிய காலத்தில் டீசல் லாரியே இச்சாலையின் அடையாளமாகிவிட்டிருந்தது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் அதன் புகைக்கு ஹார்ட்ரிட்ஜ் அலகில் 65 என்று வரம்பு கட்டின. 430 மில்லிமீட்டர் நீளமுள்ள குழாயில் புகையை நிரப்பி, ஒரு முனையில் விளக்கையும் மறுமுனையில் ஒளியுணரியையும் வைத்தால், 100 பங்கு ஒளியில் 65 பங்கைப் புகை மறைக்கிறது என்பதே அந்த எண்ணின் பொருள். சாலையோரப் புகைச் சோதனை நிலையத்தில் வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, சைலன்சரின் வாய்க்குள் உலோகக் குழலைச் செருகி, ஆக்சிலேட்டரை ஒரே மிதியாக மிதிக்கும் அந்தச் சில நொடிகளில் வெளிவரும் புகைக்கே சான்றிதழ் தரப்படுகிறது. பாரம் ஏற்றி மேட்டில் ஏறும்போது அதே எஞ்சின் என்ன கக்குகிறது, அதில் கரி எத்தனை கிராம் என்ற கேள்விகள் அக்குழாய்க்குள் நுழைவதில்லை.

மற்றப் பங்காளியின் வரலாறு அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வகத்தில் தொடங்குகிறது. யூகோஸ்லாவியாவில் பிறந்த திஹோமிர் நொவாகோவும் அவருடைய குழுவினரும் காற்றில் மிதக்கும் ஒளியுறிஞ்சும் கரித்துகளை ஆராய்ந்தனர். 'கருங்கரி' என்று தமிழில் சொல்லத்தக்க பெயர் அதற்கு நிலைபெற்றதில் நொவாகோவின் பங்கு பெரிது. அக்குழுவின் ஹான்சன், ரோசன் ஆகியோருடன் சேர்ந்து அவர் 1984-இல் விவரித்த ஈத்தலோமீட்டர், கரி பூசுதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் பெற்றது. கருவி காற்றை இழுத்து வெண்ணிற இழைநாடாவின் ஒரு புள்ளியில் வடிகட்டுகிறது. புள்ளி கறுக்கக் கறுக்க ஊடுருவும் ஒளி குறைய, அந்தக் குறைவிலிருந்து ஒரு கனமீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் கரி என்று கணக்கிடப்படுகிறது. புள்ளி மிகக் கறுத்ததும் நாடா நகர்ந்து புது இடம் தருகிறது. கழிந்த நாடாவில் வட்டவட்டமாக நிற்கும் சாம்பல் பொட்டுகள் அவ்வூர்க் காற்றின் நாட்குறிப்பு போலவே இருக்கும். 880 நானோமீட்டர் அலைநீளத்தில் கருங்கரியே ஒளியைப் பெரிதும் விழுங்குகிறது. 370-இலோ விறகுப் புகையின் கரிமப் பொருள்களும் சேர்ந்து விழுங்குவதால், இரண்டையும் ஒப்பிட்டு லாரிப் புகையையும் அடுப்புப் புகையையும் ஓரளவு பிரிக்கலாம். எனினும் கருவி அறிவது கருமையையே அன்றிக் கரியை அன்று. ஆகவேதான் ஒளிவழி பெற்ற எண்ணைக் 'கருங்கரிக்கு நிகரானது' என்றே குறிக்க வேண்டும் என 2013-இல் ஆய்வாளர் சிலர் வற்புறுத்தினர்.

குருபரப்பள்ளிக்கு அண்மையில், பெங்களூரில், இத்தகைய அளவீடு 2001-இன் இறுதியில் நடைபெற்றது. திருவனந்தபுரம் விண்வெளி இயற்பியல் ஆய்வகத்தின் சுரேஷ் பாபு, கிருஷ்ணமூர்த்தி ஆகியோரும் இந்திய அறிவியல் கழகத்தின் சதீஷும் அடுத்த ஆண்டு வெளியிட்ட கட்டுரை, நகரத்தின் காற்றுத்துகள் எடையில் கருங்கரி 11 விழுக்காடு வரை இருந்ததாகவும், அத்துகள்களால் தரையை எட்டும் வெயில் குறைந்து, வளிமண்டலம் சதுரமீட்டருக்கு 28 வாட் வெப்பத்தை உறிஞ்சியதாகவும் கணித்தது. பின்னர் உதகமண்டலத்திலும் கருங்கரி தொடர்ந்து அளக்கப்பட்டது. 2010-இல் ஐதராபாத்திலிருந்து ஏவிய பலூன், தரைக்கு மேல் பல கிலோமீட்டர் உயரத்திலும் கரி அடுக்குகளைக் கண்டது. இவற்றின் முதன்மை நோக்கம் தட்பவெப்பம். அக்காற்றைச் சுவாசிப்பவரின் நுரையீரல் அன்று.

சட்டத்தின் பக்கத்திலோ, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009 நவம்பரில் அறிவித்த தேசியக் காற்றுத் தர நிர்ணயம் ஈயம், பென்சீன், ஆர்சனிக், நிக்கல் உள்ளிட்ட 12 மாசுகளுக்கு வரம்பு கட்டியது. கருங்கரி அந்தப் பட்டியலில் இல்லை.