ஆவியும் அகதியும்

ஒரு நாட்டின் வரலாற்றை அரசர் பெயர்களிலும் போர்க்களங்களிலும் தேடுவது நம் வழக்கம். அந்நாட்டு மக்கள் தம் துன்பத்துக்கு இட்ட பெயர்களிலும் அதைத் தேடலாம். போரினால் நாடிழந்து பல கண்டங்களில் சிதறிய ஒரு மக்கட் கூட்டம் மனநோயைப் பற்றி என்ன எண்ணிற்று, அவ்வெண்ணம் ஓரிரு தலைமுறைக்குள் எவ்வாறு உருமாறிற்று என்பதே இன்றைய பேச்சின் பொருள். அம்மக்கள் சோமாலியர்.

ஆப்பிரிக்காவின் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். கிழக்கே காண்டாமிருகத்தின் கொம்பு போலக் கடலுக்குள் நீண்டிருக்கும் நிலமே அவர்களுடைய தாயகம். மழை குறைந்த மண். அங்கே ஒட்டகமே செல்வம். அதன் பாலே உணவு. மணப்பெண்ணுக்குப் பரிசமாகக் கொடுப்பதும் ஒட்டகம். கொலைக்கு ஈடாகக் கொடுப்பதும் ஒட்டகம். சமயம் இஸ்லாம். சோமாலி மொழிக்கு அரசாங்கம் ஓர் எழுத்து முறையை வகுத்தது 1972-ஆம் ஆண்டிலேதான். அதற்கு முன் கவிதையும் வழக்கும் வாழ்த்தும் வசையும் பெரும்பாலும் நாவிலேயே வாழ்ந்தன. ஆகவே சொல்லுக்கு அங்கே மதிப்பு மிகுதி.

மனத்தின் வருத்தத்தைக் குறிக்க அவர்களிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை. 'முருக்' என்றால் துயரம். 'வெல்வெல்' என்றால் ஓயாத கவலை. 'கல்பி ஜப்' என்றால் நெஞ்சு முறிதல். 'குலூப்' என்று மற்றொரு சொல் உண்டு. தோழமை கொண்ட ஒட்டகம் இறந்தபின் எஞ்சிய ஒட்டகம் கொள்ளும் ஏக்கம் என்று அதற்கு விளக்கம் கூறுவர். மேய்ச்சல் வாழ்வினர்க்கே வாய்க்கக்கூடிய சொல் இது. எந்த மருத்துவ அகராதியிலும் இத்துணை அழகிய சொல்லைக் காண்பது அரிது.

ஆனால் இவற்றுள் ஒன்றும் அவர்கள் கணக்கில் நோயன்று. துயருற்றவனைச் சுற்றத்தார் தனியே விடமாட்டார்கள், சூழ்ந்திருந்து பேசுவார்கள், திருக்குர்ஆன் ஓதுவார்கள், நாளடைவில் அது தணியும் என்பது நம்பிக்கை. நோய் என்னும் பெயருக்கு உரியது 'வாலி' ஒன்றே. வாலி என்றால் பித்து. (நம் இராமாயணத்து வாலிக்கும் இதற்கும் உறவு தேட வேண்டா.) ஆடையின்றித் தெருவில் அலைபவன், வழிப்போக்கர் மேல் கல்லெறிபவன், இத்தகையோனே வாலி பிடித்தவன். ஒருமுறை அப்பெயரைப் பெற்றவன் மீள்வதில்லை என்பது ஊரார் எண்ணம். அவனுடைய தங்கைக்குப் பெண் கேட்டு வருவோர்கூடத் தயங்குவர். நலத்துக்கும் பித்துக்கும் இடையே படிக்கட்டு இல்லை. ஒருபுறம் வீடு, மறுபுறம் பாழுங்கிணறு. இச்செய்தியை நேயர்கள் நினைவில் கொள்ள வேண்டும். பின்னர் அகதி வாழ்விலே எழுந்த சிக்கல்கள் பலவற்றுக்கு இதுவே வேர்.

பித்து எங்கிருந்து வருகிறது? இறைவன் தரும் சோதனை என்பர் சிலர். கண்ணேறு என்பர் சிலர். பகைவன் வைத்த சூனியம் என்பர் சிலர். எல்லாவற்றினும் பரவலான விடை, ஜின் என்பதாகும். புகையற்ற நெருப்பிலிருந்து படைக்கப்பட்ட, கண்ணுக்குப் புலனாகாத உயிர்கள் ஜின்கள் என்பது இஸ்லாமிய மரபு. அவற்றுள் நல்லனவும் உண்டு, தீயனவும் உண்டு. தீய ஜின் மனிதனுக்குள் 'புகுந்துவிட்டது' என்று சோமாலியர் சொல்வர். இந்தச் சொல்லாட்சியில் ஒரு நன்மை இருந்ததை மறுக்க இயலாது. குற்றம் புகுந்ததன் மேலதே அன்றி, புகப்பட்டவன் மேலதன்று. புகுந்தது வெளியேறவும் கூடும் அன்றோ?

1955 முதல் 1957 வரை, அன்று பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த வட சோமாலியப் பகுதியில் தங்கி ஆராய்ந்தவர் ஐ. எம். லூயிஸ் என்னும் பிரிட்டிஷ் மானிடவியல் அறிஞர். 'ஸார்' என்னும் ஆவி வழிபாட்டைப் பற்றி அவர் விரிவாக எழுதியிருக்கிறார். ஸார் ஆவிகள் எத்தியோப்பியா, சூடான், எகிப்து முதலிய நாடுகளிலும் அறியப்பட்டவை. இவை பெரும்பாலும் மணமான பெண்களையே பற்றும். பற்றிய ஆவி வாசனைப் பொருள் கேட்கும், புத்தாடை கேட்கும், நல்லுணவு கேட்கும். பெண் பூசாரி ஒருத்தி வந்து நறும்புகை மூட்டி, முழவு ஒலிக்க, ஆடவைத்து அதனைத் தணிப்பாள். ஆவியை ஓட்டுவது அவள் நோக்கமன்று. அதனோடு ஓர் உடன்படிக்கை செய்துகொள்வதே நோக்கம். செலவு கணவனுடையது.

லூயிஸ் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறார். வசதியுள்ள அலுவலர் ஒருவரின் மனைவி ஒருநாள் காலை மனம் சோர்ந்து வீட்டில் அமர்ந்திருந்தாள். வீட்டிலே கணவருடைய பணம் இருந்தது. ஸார் வல்ல கிழவி ஒருத்தி வந்தாள். 'உன்னை ஆவி பற்றியிருக்கிறது' என்றாள். பணம் ஆட்டத்துக்குச் செலவாயிற்று. கணவர் சினந்து கூச்சலிடவில்லை. பின்னர் மனைவியின் பொன் வெள்ளி நகைகளை எடுத்து விற்று, சமயப் பெரியோரை அழைத்துச் சிறந்த விருந்தொன்று நடத்தினார். மனைவி காரணம் கேட்டபோது, தமக்கும் திடீரென்று கொடிய நோய் கண்டதாகவும், இவ்வாறு விருந்து வைத்தாலன்றி அது தீராது என்றும் விடை பகர்ந்தாராம்!

ஸார் பெண்களின் தந்திரம் என்று ஆடவர் நகைத்தனர். உரிமைகள் குறைந்த பெண்டிர், நேரே கேட்க இயலாததை ஆவியின் வாயால் கேட்டனர் என்று லூயிஸ் விளக்கினார். 1971-இல் வெளியான அவருடைய நூலிலும் இக்கருத்தே நிற்கிறது. இவ்விளக்கம் கூரியது, ஆயினும் சற்றுக் குறைபாடுடையது என்றே நான் கருதுகிறேன். எளியோரின் ஆயுதம் என்று கூறும்போது, அந்தப் பெண் காலையில் கொண்டிருந்த சோர்வு உண்மையானது என்பது மறைந்துவிடுகிறது. கணவன் பல மனைவியரை மணக்கலாம், எளிதில் விலக்கலாம் என்னும் சமுதாயத்தில் அவள் சோர்வுக்குக் காரணம் தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. வாலி என்னும் இழிபெயர் ஏற்காமலே தன் துன்பத்தைப் பலர் முன் சொல்ல அவளுக்குக் கிடைத்த ஒரே மேடை ஸார்.

அம்மேடை சரிந்தது. அரபு நாடுகளில் எழுந்த சமயச் சீர்திருத்த எண்ணங்கள் 1980-களிலும் பின்னரும் சோமாலியரிடையே வலுப்பெற்றன; ஆவிக்குப் படையல் இடுவது மார்க்கத்துக்கு முரண் என்னும் கண்டனம் ஓங்கிற்று. அதே காலத்தில் நாடும் சரிந்தது.

1960-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் விடுதலை பெற்று ஒன்றான நாடு சோமாலியா. 1969-இல் படைத்தலைவர் சியாத் பாரே ஆட்சியைக் கைப்பற்றினார். 1988-இல் வடபகுதிக் கிளர்ச்சியை அடக்க அவருடைய அரசு ஹர்கெய்சா நகரின்மேல் குண்டு பொழிந்தது. அந்நகரத்து விமான நிலையத்திலிருந்தே எழுந்த விமானங்கள் அந்நகரத்தையே தாக்கின என்பது வரலாற்றில் அரிய கொடுமை. இலட்சக்கணக்கானோர் எத்தியோப்பியாவுக்குள் ஓடினர். 1991 ஜனவரியில் பாரே வீழ்ந்தார். அவருக்குப்பின் அரசே இல்லாத நிலை வந்தது. குலச்சண்டையும், அடுத்த ஆண்டின் பெரும் பஞ்சமும் மக்களைக் கென்யாவுக்கு விரட்டின. அங்கே தடாப் என்னும் வறண்ட ஊரின் அருகே இஃபோ, தகஹலே, ஹகதேரா என்னும் மூன்று முகாம்கள் எழுந்தன. 90,000 பேருக்கென வகுத்த இடம் அது. 2011-ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது அங்கிருந்தோர் தொகை நான்கு இலட்சத்தைத் தாண்டிவிட்டது.

முகாமை விட்டு வெளியேறத் தடை. கென்யாவில் வேலை செய்யவும் எளிதில் அனுமதியில்லை. ஊருக்குத் திரும்பினால் துப்பாக்கி. அமெரிக்கா, கனடா போன்ற நாடுகள் ஆண்டுதோறும் சிலரை மட்டும் தேர்ந்து குடியேற்றின. எஞ்சியோர் காத்திருந்தனர். அங்கே பிறந்த குழந்தை அங்கேயே மணம் முடித்துத் தன் குழந்தையையும் அங்கேயே பெற்றெடுத்தது. இந்தக் காத்திருப்பில்தான் ஒரு சொல் புதுவாழ்வு பெற்றது. 'பூஃபிஸ்' என்பது அச்சொல். 'ஊதுதல், ஊதிப் பெருக்குதல்' என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்தது. கடல் கடந்த நாட்டில் குடியேற வேண்டும் என்ற ஏக்கம் உள்ளத்திலே காற்றுப்போல் நிறைந்து, வேறெதற்கும் இடமில்லாமல் செய்துவிடும் நிலைக்குப் பூஃபிஸ் என்று பெயர். அவ்வாசை முறிந்தபின் வரும் பித்துக்கும் அதுவே பெயர். சிண்டி ஹோர்ஸ்ட் என்னும் ஆய்வாளர் இம்முகாம்களில் ஆராய்ந்து 2006-இல் வெளியிட்ட நூலில் இதனைப் பதிவு செய்துள்ளார்.

பூஃபிஸ் பிடித்தவன் உண்ணான், உறங்கான். உடல் இங்கே, உள்ளம் அங்கே. இது ஜின்னின் செயலென்று யாரும் சொல்வதில்லை என்பதைக் கவனியுங்கள். வெளிநாட்டு உறவினரின் தொலைபேசி அழைப்பு, அறிவிப்புப் பலகையில் ஒட்டிய பெயர்ப்பட்டியல், நேர்காணலில் கிடைத்த மறுப்பு, இவையே அதற்குக் காரணம். 2017 ஜனவரியில் அமெரிக்க அரசு ஏழு நாட்டினர் நுழைவை நிறுத்தி ஆணையிட்டது. அவற்றுள் சோமாலியாவும் ஒன்று. பல ஆண்டு விசாரணைகள் முடிந்து, உடைமைகளை விற்று, பயணத்துக்காக நைரோபி வரை வந்துவிட்டவர்கள் தடாப்புக்கே திருப்பி அனுப்பப்பட்டனர். ஓர் அலுவலகக் கையெழுத்து நோயை உண்டாக்க முடியும் என்பதை அம்மக்கள் மருத்துவர்களுக்கு முன்பே அறிந்திருந்தனர்.

சோமாலியாவுக்குள்ளே நிலைமை என்ன? போர் மருத்துவமனைகளைச் சிதைத்தது. அவ்விடத்தை நிரப்பியவை 'இலாஜ்' நிலையங்கள். அரபு மொழியில் இலாஜ் என்றால் சிகிச்சை. ஷேக் ஒருவர் நோயாளியின் அருகே திருக்குர்ஆன் ஓதுவார். ஓதிய நீரைப் பருகத் தருவார். பழைய ஸாருக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை வரலாற்று மாணவர் குறித்துக்கொள்ள வேண்டும். அங்கே ஆவியோடு உடன்படிக்கை. இங்கே ஆவியை வெளியேற்றல். அங்கே தலைமை பெண்ணுடையது, இங்கே ஆணுடையது. ஓதுதலால் அமைதி பெற்றோர் பலர். அந்த அமைதியை எள்ளி நகையாடுவது அறிவுடைமை ஆகாது. ஆனால் இரக்கமற்ற முறைகளும் வழங்கின. கழுதைப்புலியின் கண்ணுக்கு ஆவி தெரியும் என்று நம்பி, நோயாளியை அவ்விலங்கோடு ஓரிரவு அடைத்து வைத்த கொடுமையும் மொகடிசு நகரில் நடந்தது. 2005-இல் அங்கே மனநல இல்லம் தொடங்கிய அப்துர்ரஹ்மான் அலி அவாலே என்பவர் அதனை எதிர்த்துப் பிரசாரம் செய்தார். ஹர்கெய்சாவின் தனியார் நிலையங்களில் நோயாளிகளைச் சங்கிலியிட்டுப் பூட்டியிருந்ததை 2015-இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் விரிவாக எழுதிற்று. அத்தகைய நிலையங்களுக்கு மேலைநாடுகளில் வாழும் சோமாலியரும் தம் பிள்ளைகளை அனுப்பினர்.

மேலைநாட்டில் நல்ல மருத்துவமனை இருக்க, ஏன் அனுப்பினர்? இங்கேதான் வாலி என்னும் சொல் மீண்டும் வருகிறது. மனநல மருத்துவரின் வாயிலில் கால் வைத்தாலே வாலி என்று ஊர் பேசும். மொழிபெயர்க்க வந்தவரும் நம்மவர். மாலைக்குள் செய்தி பரவிவிடும் என்னும் அச்சம் வேறு. மருத்துவரோ மருந்து தராமல் கேள்வி மேல் கேள்வி கேட்கிறார். 'பேசுவதற்கு என் அத்தை போதாதா?' என்று ஒருவர் எண்ணினால் அதில் வியப்பென்ன? 'ஜின்னின் குரல் கேட்கிறது' என்றவுடன் மருத்துவர் புன்னகைத்தால், நோயாளி அடுத்த முறை வருவதே இல்லை.

தாமதத்தின் விலை பெரிது. அமெரிக்காவில் சோமாலியர் மிகுதியாக வாழும் மினசோட்டா மாநிலத்தில், 2001 முதல் 2009 வரை ஒரு மருத்துவ நிலையத்துக்கு வந்த 600 சோமாலிய மனநோயாளரைப் பற்றிய ஆய்வொன்று 2011-இல் வெளிவந்தது. ஆண்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் முப்பது வயதுக்கு உட்பட்டோர். அவ்விளைஞருள் நூற்றுக்கு 80 பேர் கடுமையான சித்தப்பிரமை நிலையில் வந்திருந்தனர். வயது முதிர்ந்த பெண்களிடமோ மனச்சோர்வும் போரின் நினைவுகளுமே மிகுந்திருந்தன. வாலி என்னும் பெயருக்கு அஞ்சி வீட்டுக்குள் மறைத்து வைத்த நாட்கள் எத்தனையோ, அவை அக்கணக்கில் இல்லை.

சில ஊர்களில் மருத்துவர்கள் வேறு வழியை மேற்கொண்டனர். ஜின் உண்டா, இல்லையா என்னும் வாதத்தில் அவர்கள் இறங்கவில்லை. ஷேக் ஓதட்டும், மாத்திரையும் உட்கொள்ளட்டும் என்றனர். பள்ளிவாசல் இமாம்களோடு கலந்து பேசினர். நோய்க்கு இறைவன் மருந்தும் படைத்திருக்கிறான் என்பது இஸ்லாமிய மரபிலேயே உள்ள கருத்தாதலால், இமாம்களுக்கும் இதில் இடர்ப்பாடு தோன்றவில்லை.

இதற்கிடையே, முகாமில் உருவான அந்தச் சொல்லும் கடல் கடந்தது. தடாப்பில் அது வெளிநாடு செல்லும் ஏக்கத்தைக் குறித்தது. வெளிநாடு வந்து சேர்ந்தவர் நாவில், வந்தபின்னும் தணியாத மனவருத்தத்துக்கு அது பெயராயிற்று. உறக்கமின்மை, தாயை விட்டுவந்த வேதனை, வேலையின்மை எல்லாம் அதனுள் அடங்கின. நலத்துக்கும் பித்துக்கும் நடுவே முன்பு இல்லாத படிக்கட்டு ஒன்றை நூலறிஞர் எவரும் அமைத்துத் தரவில்லை. கூடாரங்களில் காத்திருந்தவர்களே அமைத்துக்கொண்டனர். வாலி என்று ஒருபோதும் தன்னைச் சொல்லிக்கொள்ளாத பெண்மணி, லண்டனிலோ மினியாபொலிஸிலோ மருத்துவரின் எதிரே அமர்ந்து, 'எனக்குப் பூஃபிஸ்' என்று சொல்லிவிடுகிறாள்.